மாலேயில் கேள்வி கேட்பவர்கள்

2025 மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். மாலத்தீவு அதிபர் முகமது முய்சு அன்று காலை பத்து மணிக்குச் செய்தியாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார். எழுந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தொழுகைக்கு மட்டும் இடைவேளை விட்டு, மொத்தம் 14 மணி 54 நிமிடம் பதில் சொன்னார். உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கி 2019-ல் நடத்திய 14 மணி நேரச் சந்திப்பைத் தாண்டிவிட்டோம், இது உலக சாதனை என்று அதிபர் அலுவலகம் அறிவித்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 16, இரவு. மாலத்தீவின் நாடாளுமன்றமான மஜ்லிஸில் ஊடகங்களை ஒழுங்குபடுத்தும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 60, எதிர்ப்பு 1. எதிர்த்துக் குரல் எழுப்பிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். செய்தியாளர்கள் வெளியே கூடிக் கோஷமிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, அதிபர் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார்.

அதிபர் எவ்வளவு நேரம் பேசினார் என்பது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அளவுகோல் ஆகாது. அவருக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்டவர் மறுநாள் வேலைக்குப் போக முடிகிறதா, இரவு பத்திரமாக வீடு திரும்ப முடிகிறதா என்பதில்தான் அது இருக்கிறது. மாலத்தீவில் இரண்டாவது கேள்விக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பதில் இல்லை. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் இப்போது ஓர் ஆணையத்தின் கைக்குப் போயிருக்கிறது.

அந்த ஆணையத்தில் ஏழு பேர். மூவர் ஆட்சித் தரப்பு நியமிப்பவர்கள், நால்வர் ஊடக நிறுவனங்கள் தேர்ந்தெடுப்பவர்கள். கணக்கில் பெரும்பான்மை ஊடகத்தின் பக்கம் இருப்பதாகத் தெரியும். ஆனால் உறுப்பினர்களை நீக்கும் அதிகாரம் மஜ்லிஸுக்கு உண்டு, அந்த மஜ்லிஸில் ஆளுங்கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பலம். செய்தியாளருக்கு 25,000 ருஃபியா வரை அபராதம் போடலாம். நிறுவனத்துக்கு 1,00,000 ருஃபியா வரை. விசாரணை நடக்கும்போதே பதிவை நிறுத்திவைக்கலாம், இணையத்தளத்தை முடக்கலாம், ஒளிபரப்பை நிறுத்தலாம். இதற்கு முன்பு ஊடகக் கவுன்சில் ஒன்றும் ஒளிபரப்பு ஆணையம் ஒன்றும் இருந்தன. இரண்டும் கலைக்கப்பட்டன. முதலில் வந்த வரைவில் தனிமனிதர்களின் சமூக ஊடகக் கணக்குகளைக்கூட வளைத்துப் பிடிக்கும் விதி இருந்தது. கூச்சல் கிளம்பிய பிறகு அதைக் கைவிட்டார்கள். மற்றவை நின்றன.

பொய்ச் செய்தியைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம் என்கிறது அரசு. பொய்ச் செய்தி மாலத்தீவில் இல்லாமல் இல்லை. கட்சிப் பணத்திலும் முதலாளிகளின் பணத்திலும் பிழைக்கும் தளங்கள் அங்கே நிறைய உண்டு, சேற்றை வாரி இறைப்பதே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. ஆனால் எது பொய் என்று முடிவு செய்யும் இடத்தில், அந்தச் செய்தியால் அடிபட்டவர்களின் ஆட்களே உட்கார்ந்திருந்தால் உண்மைதான் முதலில் தண்டிக்கப்படும். நான் இப்படிச் சொல்வது ஊகத்தில் அல்ல. இதே நாட்டில் இது முன்பே நடந்திருக்கிறது.

இரண்டு சதுர கிலோமீட்டர்

மாலத்தீவை நாம் சுற்றுலாப் படங்களில்தான் அதிகம் பார்க்கிறோம். நீலக் கடல், தண்ணீர்மேல் குடில், தேனிலவுக்குப் போன நடிகர்கள். அந்த மாலத்தீவும் மக்கள் வாழும் மாலத்தீவும் வேறு வேறு தீவுகளில் இருக்கின்றன. மொத்தம் 1,192 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 5,15,000. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மாலே நகரத்தில். பழைய மாலே தீவின் பரப்பு ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம்.

அந்த அரை மணி நேர நடைக்குள் அதிபர் மாளிகை, மஜ்லிஸ், உச்ச நீதிமன்றம், போலீஸ் தலைமையகம், செய்தி நிறுவனங்கள், தெருக்கும்பல்கள் எல்லாம் இருக்கின்றன. அமைச்சரும் அவரைப் பற்றி எழுதும் நிருபரும் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள், ஒரே பள்ளிவாசலில் தொழுவார்கள், ஒரே தேநீர்க் கடையில் மாசி அடைத்த பலகாரம் சாப்பிடுவார்கள். நம் ஊர் நிருபர் ‘நிதித்துறை அதிகாரி ஒருவர் கூறினார்’ என்று எழுதினால் அந்த அதிகாரி ஆயிரம் பேருக்குள் மறைந்துகொள்ளலாம். மாலேயில் அப்படி எழுதினால், மாலைக்குள் யார் என்று விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் 2008 அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு, செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுதிவைத்தது. பெரிய நாட்டில் இது ஒரு நல்ல விதி. மாலத்தீவில் இது இல்லாவிட்டால் செய்தித் தொழிலே இல்லை.

வேலை கொடுப்பதிலும் அரசுதான் பெரியவர். அரசு நிறுவனங்கள்தான் விளம்பரம் தரும் பெரிய கைகள். வாடகை கொடுத்தே சம்பளம் கரைந்துபோகும் தலைநகரத்தில், அரசு ஒதுக்கும் அடுக்குமாடி வீட்டுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காத்திருக்கின்றன. ஒரு நிருபரின் அண்ணன் அரசு ஊழியர், தங்கை வீட்டுக்கு விண்ணப்பித்தவர் என்றால், அவர் எழுதவிருக்கும் செய்தியின் விலை அவர் ஒருவரோடு முடிவதில்லை. எந்தச் சட்டமும் இல்லாமலே பேனா தயங்கும் இடம் அது. அப்படிப்பட்ட ஊரிலும் தயங்காமல் எழுதியவர்கள் இருந்தார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

சிறையிலிருந்து பிறந்த சட்டம்

மமூன் அப்துல் கயூம் 1978 முதல் 2008 வரை முப்பது ஆண்டுகள் அதிபராக இருந்தார். 1988 நவம்பர் 3 அன்று அவரைக் கவிழ்க்க வந்தவர்கள், இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட் அமைப்பைச் சேர்ந்த கூலிப்படையினர். மாலத்தீவு வணிகர் ஒருவர் அவர்களை அமர்த்தியிருந்தார். ராஜீவ் காந்தி அனுப்பிய இந்தியப் படை ஆக்ராவிலிருந்து பறந்து போய் ஒரே இரவில் கயூமைக் காப்பாற்றியது. அதை நாம் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். காப்பாற்றப்பட்ட கயூம் மேலும் இருபது ஆண்டுகள் ஆண்டபோது அந்த ஊர்ச் செய்தியாளர்களுக்கு என்ன நேர்ந்தது என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

1990-ல் ‘சங்கு’, ‘ஹுகுரு’ என்ற இரண்டு இதழ்கள் கயூம் ஆட்சியின் ஊழலை எழுதத் தொடங்கின. இரண்டும் தடை செய்யப்பட்டன. சங்குவில் எழுதிய முகமது நஷீத் என்ற இளைஞர் சிறைக்குப் போனார். ஆம்னெஸ்டி அவரை மனச்சாட்சியின் கைதி என்று அறிவித்தது. 2001-ல் ‘ஸந்தானு’ என்ற செய்திமடல் மின்னஞ்சலில் ரகசியமாகச் சுற்ற ஆரம்பித்தது. 2002 தொடக்கத்தில் அதை நடத்தியவர்கள் பிடிபட்டார்கள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளக்கூட அனுமதி இல்லாமல் விசாரணை நடந்து, முகமது ஸகி, இப்ராகிம் லுத்ஃபி, அகமது இப்ராகிம் தீதி ஆகிய மூவருக்கும் ஆயுள் தண்டனை. அவர்களோடு உதவியாளராக இருந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பாத்திமத் நிஸ்ரீனுக்குப் பத்து ஆண்டு. மின்னஞ்சல் எழுதியதற்கு ஆயுள் தண்டனை. லுத்ஃபி மருத்துவத்துக்காக இலங்கைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது காவலிலிருந்து தப்பி, கடைசியில் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

2003 செப்டம்பரில் மாஃபுஷி சிறையில் ஈவன் நசீம் என்ற 19 வயது இளைஞனைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். அவனுடைய தாய், மகனை மூடிப் புதைக்க ஒப்புக்கொள்ளாமல், காயங்களை ஊர் முழுக்கப் பார்க்கும்படி செய்தார். மறுநாள் சிறையில் கிளம்பிய கலவரத்தில் காவலர்கள் சுட்டுக் கைதிகள் இறந்தார்கள். மாலே கொந்தளித்தது. மாலத்தீவின் ஜனநாயகத்துக்குத் தொடக்கப் புள்ளி எது என்று கேட்டால், ஆட்சியாளர் யாரும் கையெழுத்திட்ட தேதியைச் சொல்ல மாட்டேன். அந்தத் தாய் எடுத்த முடிவைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாடு கடந்து கொழும்பில் இருந்தவர்கள் மாலத்தீவு ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். ‘மினிவன்’ என்ற பெயரில் செய்தித்தாள், வானொலி, இணையத்தளம் வந்தன. 2005-ல் கட்சிகளுக்கு அனுமதி. 2008-ல் புதிய அரசியல் சட்டம். அதே ஆண்டு அக்டோபரில், ஒரு காலத்தில் சங்குவில் எழுதிச் சிறை சென்ற நஷீத், கயூமைத் தோற்கடித்து அதிபர் தேர்தலில் வென்றார். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பட்டியலில் 104-ம் இடத்தில் இருந்த மாலத்தீவு அடுத்த ஆண்டே 51-ம் இடத்துக்கு ஏறியது. அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

நஷீத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் ஆட்சியையும் விட்டுவிட்டுப் போக முடியாது. மதச் சுதந்திரம் பற்றி எழுதிவந்த ஹிலத் ரஷீத்தின் வலைப்பதிவு 2011 நவம்பரில் முடக்கப்பட்டது நஷீத் அதிபராக இருந்தபோதுதான். இஸ்லாமிய விவகார அமைச்சகம் கேட்டது, அரசு செய்தது. 2012 ஜனவரியில் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியை ராணுவத்தை விட்டுப் பிடித்து அடைத்ததும் அவர் அரசுதான். எந்த முறையை எதிர்த்துச் சிறைக்குப் போனாரோ, அந்த முறையை அவரே கையில் எடுத்தது பெரிய தவறு. மூன்று வாரத்தில் போலீசிலும் ராணுவத்திலும் ஒரு பகுதி அவருக்கு எதிராகத் திரும்பியது. 2012 பிப்ரவரி 7 அன்று அவர் பதவி விலகியதாக அறிவிக்கப்பட்டது. அன்று கலகக்காரர்கள் முதலில் ஓடிப்போய்ப் பிடித்த இடங்களில் ஒன்று அரசுத் தொலைக்காட்சி நிலையம். மாலேயில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

ரில்வான்

2012 ஜூனில் ஹிலத் ரஷீத்தின் கழுத்தை வீட்டருகே யாரோ அறுத்தார்கள். உயிர் பிழைத்து நாட்டை விட்டுப் போனார். அக்டோபரில், மிதமான கருத்துகள் கொண்ட மார்க்க அறிஞரும் மஜ்லிஸ் உறுப்பினருமான அஃப்ராஷீம் அலி தொலைக்காட்சி நிகழ்ச்சி முடித்து வீடு திரும்பியபோது குத்திக் கொல்லப்பட்டார். 2013 பிப்ரவரியில் ராஜ்ஜே டிவி நிருபர் இப்ராகிம் வஹீத் இரும்புக் கம்பியால் தாக்கப்பட்டுச் சாவின் விளிம்புக்குப் போய் வந்தார். அதே ஆண்டு அக்டோபர் 7 விடியற்காலை, முகமூடி அணிந்தவர்கள் அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்குள் புகுந்து பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். நிலையம் சாம்பலானது.

அகமது ரில்வானுக்கு 2014-ல் 28 வயது. மினிவன் நியூஸ் நிருபர். சிரியாவுக்குப் போருக்குப் போகும் மாலத்தீவு இளைஞர்கள், தலைநகரத்துத் தெருக்கும்பல்களுக்கும் மதத் தீவிரவாதிகளுக்கும் இடையே வளர்ந்துவந்த உறவு, அரசியல், சுற்றுச்சூழல் என்று எழுதியவர். சமூக ஊடகத்தில் அவருக்கு ‘மோயாமீஹா’ என்று பெயர். மத அரசியலைக் கேள்வி கேட்பவர்களை ‘லாதீனீ’, அதாவது மதமற்றவன் என்று முத்திரை குத்துவது அந்த நாட்களில் சாதாரணம். குடிமகனாக இருக்க முஸ்லிமாக இருந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்லும் நாட்டில் அந்த ஒற்றைச் சொல் வசவோடு நிற்காது, உயிரையும் வாங்கும். 2014 ஜூனில் ஒரு கும்பல் இளைஞர்கள் சிலரைக் கடத்திக்கொண்டு போய், ஃபேஸ்புக் பக்கங்களின் கடவுச்சொல்லைக் கேட்டு மிரட்டியது. போலீஸ் பெரிதாக எதுவும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 8. நள்ளிரவுக்குப் பிறகு மாலே படகுத்துறையில், பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேக்குப் போகும் படகுக்காக ரில்வான் காத்திருந்தது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஹுல்ஹுமாலேயில் அவர் குடியிருந்த கட்டடத்தின் வாசலில், இரவு இரண்டு மணி வாக்கில், ஓர் ஆளைக் கத்தி முனையில் சிவப்புக் காருக்குள் தள்ளியதை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். அப்போதே போலீசுக்கும் சொன்னார்கள். கீழே ஒரு கத்தி கிடந்தது. ரில்வானை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

கார்கள் எத்தனை என்று எண்ணிவிடக்கூடிய தீவு அது. வெளியேற வழிகள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் கடத்தல் நடந்ததை ஒப்புக்கொள்ளவே போலீசுக்கு ஆண்டுகள் பிடித்தன. ரில்வான் காணாமல் போன சில வாரங்களில், செப்டம்பர் 25 அன்று, மினிவன் நியூஸ் அலுவலகக் கதவில் யாரோ ஒரு வெட்டுக்கத்தியைச் செருகிவிட்டுப் போனார்கள். அடுத்தது நீதான் என்று செய்தியாளர்களின் கைபேசிக்குச் செய்தி வந்தது. அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் மறுநாளும் வேலைக்கு வந்தார்கள், எழுதினார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் அதை லேசாகக் கடந்துபோக முடியாது.

ரில்வானைத் தேடும் இயக்கத்தை நடத்தியவர்களில் முன்னே நின்றவர் அவருடைய நண்பர் யாமீன் ரஷீத். கணினித் துறைக்காரர். ‘தி டெய்லி பேனிக்’ என்ற வலைப்பதிவில் அரசியல்வாதிகளையும் மதப் பிரசங்கிகளையும் நையாண்டி செய்துவந்தவர். ரில்வானின் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் சேர்ந்து அவர் பேரணி போனபோது போலீஸ் மறித்தது. கொலை மிரட்டல்கள் வருகின்றன என்று போலீசில் புகார் கொடுத்தார், பலனில்லை. 2017 ஏப்ரல் 23 அதிகாலை, வீட்டு மாடிப்படியிலேயே அவரைக் குத்திப் போட்டார்கள். உடலில் முப்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். வயது 29. அவர் கொலை வழக்கின் விசாரணை கதவடைத்துத் தொடங்கியது, பின்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ரில்வான் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 2018 ஆகஸ்ட் 2 அன்று நீதிமன்றம் விடுவித்தது. புலனாய்வை ஒழுங்காகச் செய்யவில்லை என்று நீதிமன்றமே போலீசைக் குறை சொன்னது. சந்தேகிக்கப்பட்டவர்களில் ஒருவர் அதற்கு வெகு முன்பே சிரியாவுக்குப் போய்விட்டிருந்தார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. புதிய அதிபர் இப்ராகிம் முகமது சோலி பதவியேற்ற நாளிலேயே, தீராத கொலைகளையும் காணாமல் போனவர்களையும் விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தார். தலைவர் ஹுஸ்னு சுஊத். 2019 செப்டம்பர் 1 அன்று அவர் பத்திரிகையாளர்களிடம் கண்டறிந்ததைச் சொன்னார். அல் காயிதாவோடு தொடர்புடைய உள்ளூர்க் குழு ஒன்றுதான் அஃப்ராஷீம், ரில்வான், யாமீன் ரஷீத் மூவரையும் கொன்றது. ரில்வானைப் படகில் ஏற்றி, கடலில் வைத்துக் கொன்றார்கள். விசாரணையைத் திசைதிருப்ப அப்போதைய ஆட்சியின் மேல்மட்டத்திலிருந்தே முயற்சி நடந்தது. ரில்வானின் குடும்பம் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து கேட்ட செய்தி இது. உடல் கிடைக்கவில்லை.

சுஊத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

அபராதம் என்ற ஆயுதம்

கத்திக்கும் நெருப்புக்கும் இடையே சட்டமும் வேலை செய்தது. கயூமின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் அப்துல்லா யாமீன் 2013 முதல் 2018 வரை அதிபர். அவர் காலத்தில் நடந்த பெரிய கொள்ளை, சுற்றுலா விளம்பர நிறுவனத்தின் வழியாக நடந்தது. சொகுசு விடுதிக்கென்று தீவுகளையும் காயல்களையும் ஏலம் இல்லாமல் குத்தகைக்கு விட்டு, வந்த பணத்தைத் தனியார் நிறுவனக் கணக்கு வழியாகத் திருப்பினார்கள். 2016 தொடக்கத்தில் வந்த தணிக்கை அறிக்கையே அந்தத் தொகையை சுமார் 7.9 கோடி டாலர் என்றது.

இதைப் பற்றிய அல் ஜசீராவின் புலனாய்வுப் படம் 2016 செப்டம்பர் 7 அன்று வெளியானது. சில மணி நேரத்தில், மினிவன் நியூஸின் புதிய வடிவமான ‘மால்தீவ்ஸ் இண்டிபெண்டன்ட்’ அலுவலகத்தைப் போலீஸ் சோதனையிட்டது. அதன் ஆசிரியர் ஸஹீனா ரஷீத் அந்தப் படத்தில் பேசியிருந்தார். அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவதூறு மறுபடியும் குற்றமாக்கப்பட்டிருந்தது. 50,000 முதல் 20 லட்சம் ருஃபியா வரை அபராதம், கட்டாவிட்டால் சிறை. எரிந்து மீண்ட ராஜ்ஜே டிவி, மேடைப் பேச்சு ஒன்றை நேரலையில் காட்டியதற்காக 2017-ல் 10 லட்சம் ருஃபியா கட்டும்படி ஆனது. பேசியவர் வேறொருவர், ஒளிபரப்பியவருக்கு அபராதம். பொதுமக்கள் காசு போட்டு அந்த அபராதத்தைக் கட்ட உதவினார்கள். 1970-களின் இறுதியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஹவீரு’ நாளிதழ், உரிமைத் தகராறில் நீதிமன்றத் தீர்ப்பு வந்த கையோடு 2016-ல் நின்றுபோனது. அதன் ஊழியர்கள் இரண்டு ஆண்டு வேறு ஊடகத்தில் வேலை பார்க்கக் கூடாது என்றும் தடை விழுந்தது. அச்சுத் தொழிலாளியிலிருந்து ஆசிரியர் வரை தெருவில் நிறுத்தும் தீர்ப்பு.

இத்தனைக்கும் பிறகு 2018-ல் மக்கள் அந்த ஆட்சியைத் தோற்கடித்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் நெருக்கடி நிலை, தலைமை நீதிபதி கைது, முன்னாள் அதிபர் கயூமே கைது. ஒரு காலத்தில் செய்தியாளர்களைச் சிறையில் தள்ளிய கயூம், தன் சகோதரரின் ஆட்சியில் அதே வழியில் உள்ளே போனார். அப்படிப்பட்ட ஆண்டில் கிட்டத்தட்ட 89 சதவீத வாக்காளர்கள் வரிசையில் நின்று சோலிக்கு 58 சதவீத வாக்கைக் கொடுத்தார்கள். கேள்வி கேட்கும் ஊடகம் ஒன்றாவது உயிரோடு இருந்ததால் சாத்தியமானது அது.

சோலி ஆட்சியில் அவதூறுச் சட்டம் போனது, ஊடகங்கள் மூச்சு விட்டன. ஆனால் அதே ஆட்சி 2019-ல், தீவிரவாதம் பற்றி அறிக்கை எழுதிய மனித உரிமை அமைப்பான மாலத்தீவு ஜனநாயக வலைப்பின்னலை, மதத்தை இழிவுபடுத்தியதாகக் கூறித் தடை செய்தது. 2022-ல் கொண்டுவந்த சாட்சியச் சட்டத்தின் 136-வது பிரிவு, செய்தி தந்தவர் யார் என்று சொல்லும்படி நீதிமன்றம் செய்தியாளரைக் கட்டாயப்படுத்த வழி திறந்தது. 28-வது பிரிவு சுவர் எழுப்பிய அதே இடத்தில் கதவு வைத்தார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது பத்திரிகைச் சுதந்திரம் பேசாத கட்சி மாலத்தீவில் கிடையாது. ஆட்சிக்கு வந்த பிறகும் அதை முழுசாகக் காப்பாற்றிய கட்சியும் கிடையாது. செய்தியின் வழியாக ஆட்சி போவதை ஒவ்வொருவரும் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த வழியில் அடுத்து தாங்கள் போக நேருமோ என்ற பயம் அவர்களை விடவில்லை.

யாரும் மிச்சமில்லாத அவை

2023-ல் முய்சு 54 சதவீத வாக்கோடு வென்றார். 2024 ஏப்ரலில் அவருடைய கட்சி மஜ்லிஸின் 93 இடங்களில் 66-ஐப் பிடித்தது. நேர்மையான தேர்தலில் கிடைத்த வெற்றி, அதில் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெரும்பான்மையை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் கவலை. 2024 நவம்பர் 20 அன்று, கட்சி மாறும் உறுப்பினர் பதவி இழப்பார் என்ற அரசியல் சட்டத் திருத்தத்தை ஒரே நாளில் நிறைவேற்றி, அன்றே அதிபர் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். கட்சித் தாவலைத் தடுப்பது நமக்கு நல்லதாகத் தோன்றலாம். ஆனால் கட்சித் தலைமையோடு முரண்படும் உறுப்பினரை வெளியேற்றினாலே அவர் பதவி போய்விடும் என்றால், அந்த அவையில் சொந்தக் குரல் யாருக்கும் மிச்சமிருக்காது.

அந்தத் திருத்தத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த நாளில், 2025 பிப்ரவரி 26 அன்று, ஏழு நீதிபதிகளில் மூன்று பேரை நீதித்துறைப் பணி ஆணையம் இடைநீக்கம் செய்தது. அந்த மூவரில் ஒருவர், ரில்வான் கொலையின் உண்மையை ஊருக்குச் சொன்ன ஹுஸ்னு சுஊத். அவர் பதவி விலகினார். மற்ற இருவரான அஸ்மிரால்டா ஸஹீர், மஹாஸ் அலி ஸஹீர் ஆகியோரை மே மாதத்தில் மஜ்லிஸ் வாக்கெடுத்து நீக்கியது. பதினைந்து மணி நேரப் பத்திரிகையாளர் சந்திப்பு நடந்ததும் அதே மே மாதம்தான்.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் செப்டம்பர் சட்டத்தின் கனம் புரியும். மஜ்லிஸ் ஏற்கெனவே கையில். உச்ச நீதிமன்றத்தில் மூன்று நாற்காலிகள் மாறியாயிற்று. அரசைத் தடுத்துக் கேட்க இன்னும் மிச்சமிருந்தது ஊடகம் மட்டுமே. ஆணையம் ஒரு தளத்தை மூடினால் அந்த நிறுவனம் எங்கே போய் முறையிடும்? நீதிமன்றத்துக்குத்தான். தீர்ப்பு பிடிக்காவிட்டால் நீதிபதிக்கு என்ன ஆகும் என்பது அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாலத்தீவுச் செய்தியாளர் சங்கமும் உலகப் பத்திரிகை அமைப்புகளும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் இந்தச் சட்டத்தைக் கைவிடச் சொல்லிக் கேட்டன. இந்தியா என்ன சொன்னது?

2024 ஜனவரியில் பிரதமர் மோடியின் லட்சத்தீவுப் படங்களை வைத்து இரு நாட்டு சமூக ஊடகங்களும் மோதிக்கொண்டபோது, மாலத்தீவைப் பற்றி நம் தொலைக்காட்சிகள் நாள் கணக்கில் பேசின. முய்சு சீனாவின் ஆளா, இந்தியாவின் ஆளா என்ற ஒரே கேள்வி. அவர் 2024 அக்டோபரில் டெல்லி வந்தார், 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் அடங்கிய நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் கிடைத்தது. 2025 ஜூலை 25 அன்று, மாலத்தீவின் 60-வது சுதந்திர தினத்துக்காகப் பிரதமர் மோடி மாலே போனார். 4,850 கோடி ரூபாய் கடன் அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில், ஆகஸ்ட் மாதத்தில், ஊடக மசோதா மஜ்லிஸுக்கு வந்தது. கடன் கொடுப்பதில் தவறில்லை. அண்டை நாடு கஷ்டத்தில் இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது, எந்தத் தீவில் எந்தப் பாலமாகவும் குடியிருப்பாகவும் மாறுகிறது என்று கணக்குக் கேட்கும் ஒரே கூட்டம் மாலேயின் நிருபர்கள். அவர்கள் வாயைக் கட்டினால் நம் வரிப்பணத்துக்கும் அங்கே காவலில்லை. 1988-ல் ஓர் ஆட்சியாளரைக் காப்பாற்றப் படை அனுப்பிய நாட்டுக்கு, இன்று அந்த ஊர்ச் செய்தியாளர்களுக்காக ஒரு வாக்கியம் பேசுவது பெரிய காரியமல்ல.

அங்குள்ள செய்தியாளர்கள் கேட்பது அதிகமில்லை. தங்களைக் கண்காணிக்கும் அமைப்பில் அரசின் ஆட்கள் இருக்கக் கூடாது. சாட்சியச் சட்டத்தின் 136-வது பிரிவு, அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். ரில்வானையும் யாமீன் ரஷீத்தையும் கொன்றவர்களும், கொல்லச் சொன்னவர்களும், மறைத்தவர்களும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அடுத்த அதிபர் தேர்தல் 2028-ல். வாக்குப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் மீனவருக்கும், விடுதித் தொழிலாளிக்கும், அரசு வீட்டுக்காகக் காத்திருக்கும் தாய்க்கும் இந்த ஐந்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமானால், அதற்குள் ராஜ்ஜே டிவியும், ‘அதாதூ’ செய்தித் தளமும், இன்னும் பெயர் தெரியாத பத்துச் சிறு தளங்களும் நடந்துகொண்டிருக்க வேண்டும். அவற்றின் நிருபர்கள் இப்போது ஒவ்வொரு செய்தியையும் பதிவேற்றுவதற்கு முன், 25,000 ருஃபியா தங்களிடம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.